நடமாடும் சூரிய மின் அமைப்புகளில் ரிலேக்களும் பாட்டரிப் பாதுகாப்பும்

சூரிய ஒளியிலிருந்து பெறப்படும் மின்சாரம் வீட்டுக் கூரைகளோடும் வயற்காட்டுப் பம்புசெட்டுகளோடும் நின்றுவிடவில்லை. நீரில் மிதக்கவும் தண்டவாளத்தில் ஓடவும் அது கற்றுக்கொண்டுவிட்டது. 2017ஆம் ஆண்டு ஜனவரியில், கேரளத்து வேம்பநாட்டுக் காயலில் வைக்கத்துக்கும் தவணக்கடவுக்கும் இடையே 'ஆதித்யா' என்னும் சூரியப் படகு தன் பணியைத் தொடங்கிற்று. 75 பேர் ஏறிச் செல்லத்தக்க அப்படகின் கூரையில் 20 கிலோவாட் திறனுள்ள சூரியத் தகடுகள் பொருத்தப்பட்டன. அவை தரும் மின்சாரத்தைச் சேமிக்க 50 கிலோவாட்-மணி கொள்ளளவுள்ள லிதியம் பாட்டரிகள் அமைக்கப்பட்டன. அவ்வாண்டு ஜூலையில் டில்லி சப்தர்ஜங் நிலையத்தில் ஒரு டீசல்-மின்சார ரயில்வண்டி தொடங்கிவைக்கப்பட்டது. சென்னைப் பெரம்பூர் ரயில்பெட்டித் தொழிற்சாலையில் உருவான அவ்வண்டியின் ஆறு பெட்டிகளில், ஒவ்வொன்றின் கூரைமீதும் 300 வாட் தகடுகள் 16 இருந்தன. வண்டியை இழுத்தது டீசல் எஞ்சினே. விளக்குகளும் விசிறிகளும் மட்டும் சூரியனால் இயங்கின.

இவ்வாறு இடம்விட்டு இடம் செல்லும் அமைப்புக்கும், நிலத்தில் ஊன்றி நிற்கும் அமைப்புக்கும் மின்சார இயலில் வேறுபாடு இல்லை. வாழ்க்கை முறையில் மிகுந்த வேறுபாடு உண்டு. வண்டி குலுங்குகிறது. அதன் உட்புறம் வெயிலில் 50 டிகிரி சென்டிகிரேடுக்கு மேலும் சூடாகிறது. பாட்டரி தனி அறையில் இல்லாமல் பயணியின் இருக்கைக்கு அடியிலேயே இருக்கிறது. பழுது நேர்ந்தால் பார்ப்பதற்கு அருகில் மின் வினைஞர் இருப்பதும் அரிது. ஆகவே, தவறு நேரும் கணத்தில் பாட்டரியை மற்றவற்றிலிருந்து பிரித்துவிடும் பொறுப்பு ஒரு சிறு கருவியின் மேல் விழுகிறது. அதுவே ரிலே.

ரிலே என்பது மின்சாரத்தால் இயங்கும் மின்விசை. ஒரு கம்பிச் சுருளில் சிறிதளவு மின்னோட்டம் பாயும்போது அதன் நடுவிலுள்ள தேனிரும்பு காந்தமாகி, எதிரேயுள்ள இரும்புத் தகட்டைத் தன்பால் இழுக்கிறது. தகட்டோடு இணைந்த தொடுமுனைகள் ஒன்றையொன்று தொட்டு, வேறொரு சுற்றில் பெரிய மின்னோட்டத்தைச் செலுத்துகின்றன. சுருளின் மின்னோட்டம் நின்றதும் சுருள்வில் தகட்டைப் பழைய இடத்துக்கு இழுத்துவிடுகிறது. அமெரிக்க விஞ்ஞானி ஜோசப் ஹென்றி 1835ஆம் ஆண்டில் இத்தகைய அமைப்பைப் பிரின்ஸ்டனில் செய்து காட்டினார். பின்னர்த் தந்திக் கம்பிகளில் நெடுந்தூரம் சென்று களைத்துப்போன மின்னோட்டத்துக்குப் பதிலாகப் புதிய மின்னோட்டத்தை அனுப்புவதற்கு இது பயன்பட்டது. இடையிடையே ஆளையும் குதிரையையும் மாற்றிக் கடிதம் கொண்டுசென்ற முறையை அப்பெயர் நினைவூட்டுகிறது. வானொலியிலும் ஒரு நிலையத்தின் நிகழ்ச்சியை மற்றொரு நிலையம் வாங்கி ஒலிபரப்புவதைத் தமிழில் 'அஞ்சல்' என்று கூறுவது இதே கருத்தில்தான்.

திறப்பதே கடினம்

ஒரு மின்சுற்றை அடைப்பது எளிது, திறப்பதே கடினம். தொடுமுனைகள் பிரியும் நொடியில் அவற்றின் இடையே ஒரு மின்வில் தோன்றுகிறது. பல ஆயிரம் டிகிரி வெப்பமுள்ள இவ்வில், காற்றையே மின்கடத்தியாக்கி, பிரிந்த முனைகளுக்கு இடையிலும் மின்னோட்டத்தைத் தொடரச் செய்கிறது. வீடுகளுக்கு வரும் மாறுதிசை மின்னோட்டம் நொடிக்கு 50 சுழற்சி உடையது. அது நொடிக்கு 100 முறை சுழியை அடைகிறது. ஒவ்வொரு முறை சுழியை அடையும்போதும் மின்வில் தானே அணைந்துபோக வாய்ப்புக் கிடைக்கிறது. சூரியத் தகடும் பாட்டரியும் தருவது நேர்மின்னோட்டம். அது சுழியை அடைவதே இல்லை. தோன்றிய மின்வில்லை இழுத்து நீட்டியோ, குளிர்வித்தோ, ஊதியோ அணைத்தாக வேண்டும்.

கடையில் கிடைக்கும் சாதாரண ரிலே ஒன்றின் முதுகில் அச்சிட்டிருப்பதைப் பார்த்தால் இவ்வுண்மை விளங்கும். '10 ஆம்பியர், 250 வோல்ட்' என்று மாறுதிசை மின்னோட்டத்துக்கும், '10 ஆம்பியர், 30 வோல்ட்' என்று நேர்மின்னோட்டத்துக்கும் அதில் குறித்திருக்கும். ஒரே கருவி, ஒரே ஆம்பியர். ஆயினும் அனுமதிக்கப்பட்ட வோல்ட் எட்டில் ஒரு பங்காகக் குறைந்துவிடுகிறது. வெள்ளித் தொடுமுனைகளுக்கிடையே மின்வில் நிலைத்து எரிய ஏறத்தாழ 12 வோல்ட்டாவது தேவை. எனவே 12 வோல்ட் அமைப்பில் வில் தோன்றினாலும் இடைவெளி சிறிது விரிந்ததும் அணைந்துவிடும். 24 வோல்ட்டில் அது சற்று நீடிக்கும். 48 வோல்ட்டில் சாதாரண ரிலேயின் சிறு இடைவெளி போதாது. அதற்கு மேல் தொடுமுனைகளே உருகி, கருவியின் உறை தீப்பற்றும்.

மோட்டார் வாகனக் கடைகளில் விற்கும் 12 வோல்ட் ரிலேக்களைச் சூரியத் தகட்டின் பக்கம் பொருத்துவது பெரும் பிழையாக முடிவது இதனால்தான். 300 வாட் தகடு ஒன்று, இணைப்பு ஏதுமின்றி வெயிலில் இருக்கும்போது ஏறத்தாழ 45 வோல்ட் தரக்கூடும். இரண்டைத் தொடராக இணைத்தால் 90 வோல்ட் ஆகிவிடும். பாட்டரி 12 வோல்ட்டாக இருக்கலாம். தகட்டின் பக்கம் இருப்பது 90 வோல்ட் நேர்மின்னோட்டம். ஆம்பியரை மட்டும் பார்த்து ரிலே வாங்குபவர் இதை மறந்துவிடுகிறார்.

உயர்ந்த வோல்ட்டுக்கு உரிய பெரிய ரிலேக்கள் காண்டாக்டர் எனப்படும். அவற்றில் தொடுமுனைகளின் அருகே நிலைக்காந்தம் வைக்கப்பட்டிருக்கும். மின்வில்லும் ஒரு மின்னோட்டமே ஆதலால் காந்தப்புலம் அதனைப் பக்கவாட்டில் தள்ளி நீட்டி அணைத்துவிடுகிறது. சிலவற்றில் தொடுமுனைகளை ஒரு கூட்டில் இட்டு, ஹைட்ரஜனோ நைட்ரஜனோ நிரப்பி மூடிவிடுகின்றனர். காந்தமுள்ள காண்டாக்டர்களில் பலவற்றுக்கு நேர், எதிர் முனைகள் குறிக்கப்பட்டிருக்கும். அக்குறியை மாற்றி இணைத்தால் காந்தம் வில்லை வெளியே தள்ளாமல் உள்ளே தள்ளும். பாதுகாப்புக்கென வைத்ததே கேடாகும்.

ரிலேக்களின் வகைகள்

மேலே சொன்ன மின்காந்த ரிலே மூத்தது, இன்றும் பெரும்பான்மையானது. அதன் குறை, அடைத்து நிற்கும் நேரமெல்லாம் சுருள் மின்சாரத்தை உண்பது. 12 வோல்ட் ரிலே ஒன்றின் சுருள் 0.15 ஆம்பியர் எடுப்பதாகக் கொண்டால், ஒரு நாளில் 3.6 ஆம்பியர்-மணி செலவாகும். மேகமூட்டமான மழைநாளில் ஒரு சிறு தகடு சேர்த்துத் தருவதில் இது கணிசமான பங்காகும். சுருள் செம்புக் கம்பியால் ஆனது என்பதும் கருதத்தக்கது. 20 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்குச் சூடேறினால் செம்பின் மின்தடை ஏறத்தாழ 16 சதவீதம் கூடுகிறது. காந்தத்தின் இழுவிசையும் அதற்கேற்பக் குறைகிறது. குளிர்ந்த காலையில் தவறாது இயங்கிய ரிலே, நண்பகலில், பாட்டரியும் தளர்ந்திருக்கும் வேளையில், இழுக்க மறுப்பதன் காரணம் இதுவே.

இச்செலவைத் தவிர்க்கவென வந்தது தாழ் ரிலே. ஒரு நொடித் துடிப்பு அதனை அடைக்கிறது; மற்றொரு துடிப்பு திறக்கிறது; இடையில் மின்சாரமே தேவையில்லை. நிலைக்காந்தம் ஒன்று தகட்டை அந்தந்த நிலையில் பிடித்துக்கொள்கிறது. சிக்கனத்துக்கு இதற்கு இணை இல்லை எனினும், ஓர் ஐயம் எழாமல் இராது. கட்டுப்படுத்தும் மின்சுற்று பழுதாகி மின்சாரம் இழந்துவிட்டால் சாதாரண ரிலே தானே திறந்துகொள்ளும். தாழ் ரிலேயோ அடைத்த நிலையிலேயே நின்றுவிடும். விளக்கு எரிய வைப்பதற்கு அதனைப் பயன்படுத்தலாம். பாட்டரியைக் காக்கும் கடைசி வாயிலாக அதனை அமைப்பதாயின், திறப்பதற்கு வேண்டிய ஒரு துடிப்பு மின்சாரத்தை மின்தேக்கியில் தனியே சேமித்து வைத்தல் வேண்டும்.

பழுது நேர்ந்தால் பாதுகாப்பான நிலைக்குத் தானே திரும்புதல் என்னும் இக்கொள்கையை ரயில்வே சமிக்ஞைப் பொறியாளர்கள் நெடுங்காலமாகப் போற்றி வந்துள்ளனர். அவர்களுடைய ரிலேக்களில் தகடு தன் எடையாலேயே கீழே விழுந்து திறக்கும்படி அமைந்திருக்கும். தொடுமுனைகளில் ஒன்று வெள்ளியாகவும் மற்றொன்று கரியாகவும் இருக்கும். கரியும் வெள்ளியும் உருகி ஒட்டிக்கொள்வதில்லை. ஆனால் எடையை நம்பும் ரிலே நேராக நிற்க வேண்டியது. குலுங்கும் வண்டிக்கு அது பொருந்தாது. வண்டியில் சுருள்வில்லையே நம்ப வேண்டும். தகடு அசையும் திசையும் வண்டி குதிக்கும் திசையும் ஒன்றாகாதபடி ரிலேயைப் பொருத்துவதும் நல்லது.

மூன்றாவது வகை அசையும் உறுப்பே இல்லாத திண்மநிலை ரிலே. டிரான்சிஸ்டர் குடும்பத்தைச் சேர்ந்த பொருள்கள் இதில் மின்விசையாகப் பணிபுரிகின்றன. மின்வில் இல்லை, தேய்மானம் இல்லை, குலுக்கலுக்கு அஞ்ச வேண்டியதும் இல்லை. எனினும் இரண்டு குறைகள் உண்டு. மின்னோட்டம் பாயும்போது சூடாகிறது: 2 மில்லி ஓம் தடையுள்ள ஒன்றில் 40 ஆம்பியர் பாய்ந்தால் 3.2 வாட் வெப்பம் பிறக்கும். காற்றோட்டமில்லாத பெட்டிக்குள் இது சிறிதன்று. அதைவிட முக்கியமான குறை, இது கெடும்போது பெரும்பாலும் அடைத்த நிலையிலேயே கெடுகிறது. ஆகவே இதனை மட்டும் தனிக் காவலனாக வைப்பது விவேகமன்று.

பழைய மோட்டார் கார்களில் டைனமோவுக்கும் பாட்டரிக்கும் இடையே 'கட் அவுட்' என்னும் சிறு ரிலே இருந்தது. எஞ்சின் நின்றதும் பாட்டரியின் மின்சாரம் டைனமோவுக்குள் பின்னோக்கிப் பாயாமல் அது தடுத்தது. இரவில் பாட்டரியிலிருந்து சூரியத் தகட்டுக்குள் மின்சாரம் வடிந்துவிடாமல் காப்பது அதே வேலைதான். இன்று அதனை டையோடோ மின்னேற்றக் கட்டுப்பாட்டுக் கருவியோ செய்துவிடுகிறது.

எஞ்சின் உள்ள வண்டிகளில் வோல்ட் உணர் ரிலே மற்றொரு பணியை ஏற்கிறது. எஞ்சின் ஓடி மின்னழுத்தம் 13.3 வோல்ட் அளவுக்கு உயரும்போது, வண்டியின் பாட்டரியையும் சூரிய அமைப்பின் பாட்டரியையும் இது இணைக்கிறது, 12.8 அளவுக்குத் தாழும்போது பிரிக்கிறது. இரண்டும் ஈய-அமில பாட்டரிகளாக இருந்த காலத்தில் இம்முறை செவ்வனே நடந்தது. இரண்டாவது பாட்டரியை மட்டும் லிதியம் இரும்பு பாஸ்பேட்டாக மாற்றும்போது தொல்லை பிறக்கிறது. அவ்வகைப் பாட்டரி எஞ்சின் நின்றபின்னும் 13 வோல்ட்டுக்கு மேலேயே நெடுநேரம் நிற்கும். ஆதலால் ரிலே பிரிய வேண்டிய நேரத்தில் பிரிவதில்லை. மேலும் அதன் அகத்தடை மிகக் குறைவு. வெறுமையாக உள்ளபோது ஆல்டர்னேட்டரிடமிருந்து அளவின்றி மின்னோட்டத்தை வாங்கி, அதனைச் சூடேற்றிக் கெடுத்துவிடும். பாட்டரியை மாற்றுபவர் ரிலேயையும் மாற்றி, அளவோடு மின்னேற்றும் கருவியை இடையில் அமைக்க வேண்டும்.

பாட்டரியின் இயல்பு

ஈய-அமில பாட்டரியின் அபாயம் வாயுவில் உள்ளது. 12 வோல்ட் பாட்டரி ஒன்றுக்கு ஏறத்தாழ 14.4 வோல்ட்டுக்கு மேல் மின்னேற்றம் செய்தால் நீர் சிதைந்து ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் வெளிவரும். காற்றில் 4 சதவீதம் முதல் ஏறத்தாழ 75 சதவீதம் வரை ஹைட்ரஜன் கலந்திருந்தால் அக்கலவை வெடிக்கவல்லது. அதனை வெடிக்கச் செய்ய ஒரு பொறி போதும். திறந்த தொடுமுனைகளையுடைய ரிலே ஒவ்வொரு முறை இயங்கும்போதும் பொறி தருவது. ஆகவே, காக்க வந்த ரிலேயைப் பாட்டரியோடு ஒரே பெட்டிக்குள் வைத்து மூடுவது தீப்பெட்டியைப் பஞ்சுப் பொதிக்குள் வைப்பதை ஒக்கும். ஹைட்ரஜன் மேலெழும் இயல்பினது. பாட்டரிப் பெட்டியின் மேற்புறத்தில் வண்டிக்கு வெளியே திறக்கும் வழி இருத்தல் வேண்டும். ரிலே தனிப் பெட்டியில், பாட்டரிக்கு மேலே அல்லாமல் பக்கத்தில் இருத்தல் நலம்.

வெப்பமும் இதனோடு சேர்ந்துகொள்கிறது. உஷ்ணநிலை ஒரு டிகிரி உயரும்போது, ஒவ்வொரு கலத்துக்கும் மின்னேற்ற அழுத்தத்தை ஏறத்தாழ 4 மில்லி வோல்ட் குறைக்க வேண்டும். 12 வோல்ட் பாட்டரியில் ஆறு கலங்கள். 25 டிகிரிக்குப் பதில் 45 டிகிரியில் இருக்கும் பாட்டரிக்கு ஏறத்தாழ அரை வோல்ட் குறைவாகத் தரவேண்டும். அவ்வாறு குறைக்காத கருவி கோடை முழுவதும் பாட்டரியைக் கொதிக்கவைத்து வாயுவாக்கிக்கொண்டிருக்கும்.

லிதியம் பாட்டரியின் அபாயம் வேறு வகையது. கலத்துக்குள் ஓர் அளவுக்கு மேல் சூடேறினால், அச்சூட்டில் நிகழும் வேதிவினைகளே மேலும் சூட்டை எழுப்பி, அடக்கமுடியாத வெப்பப் பெருக்கமாக மாறும். லிதியம் இரும்பு பாஸ்பேட் வகை இவ்வகையில் மற்றவற்றைவிட அடக்கமானது. ஆயினும் அதிலும் ஒரு கலத்தின் அழுத்தம் 3.65 வோல்ட்டைத் தாண்டவோ 2.5 வோல்ட்டுக்குக் கீழே இறங்கவோ விடலாகாது. மொத்த வோல்ட்டை மட்டும் பார்த்தால் இது தெரியாது. நான்கு கலங்களில் மூன்று குறைவாகவும் ஒன்று மிகையாகவும் இருந்தும் கூட்டுத்தொகை சரியாக அமையலாம். ஆதலால் ஒவ்வொரு கலத்தையும் தனித்தனியே அளக்கும் மேலாண்மைச் சுற்று இன்றியமையாதது. ரிலேக்கு ஆணையிடுவது அச்சுற்றே. 2022ஆம் ஆண்டில் இந்தியாவில் மின்சார ஸ்கூட்டர்கள் சில தீப்பற்றியபின், மின்வண்டிகளின் பாட்டரிகளுக்குரிய ஏ.ஐ.எஸ். 156 என்னும் தரநிலை கடுமையாக்கப்பட்டது; இத்தகைய மேலாண்மைச் சுற்றுக்கான தேவைகளும் அதில் விரிவாயின.

லிதியம் பாட்டரிக்கு உறைநிலைக்குக் கீழே மின்னேற்றம் செய்யவும் கூடாது. அவ்வாறு செய்தால் லிதியம் உலோகமாகவே உள்ளே படிந்து, கலத்தை நிலையாகக் கெடுக்கும். லடாக்கின் குளிர்காலத்தில் செல்லும் வண்டிக்கு இது அன்றாடச் சிக்கல். ஆனால் அந்நிலையிலும் பாட்டரியிலிருந்து மின்சாரம் எடுக்கலாம். ஆகவே மின்னேற்றத்துக்கு ஒன்று, செலவுக்கு ஒன்று என இரு ரிலேக்கள் தனித்தனியே இருத்தல் வேண்டும். ஒரே ரிலே உள்ள அமைப்பு, குளிருக்கு அஞ்சி மின்னேற்றத்தை நிறுத்தும்போது, பாட்டரியைச் சூடாக்கும் கருவியையும் சேர்த்து நிறுத்திவிடும்.

ஒரு மருத்துவ வண்டி

கிராமங்களுக்குத் தடுப்பு மருந்து கொண்டுசெல்லும் வண்டி ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். கூரையில் 300 வாட் தகடுகள் இரண்டு, உள்ளே 12.8 வோல்ட், 200 ஆம்பியர்-மணி லிதியம் பாட்டரி. அதனால் இயங்குபவை மருந்துக் குளிர்பெட்டி, விளக்குகள், விசிறி, ஓர் இன்வெர்ட்டர். தடுப்பு மருந்துகளில் பெரும்பாலானவை 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டியவை. பாட்டரியைக் காப்பதற்காக ரிலே திறந்தால் குளிர்பெட்டியும் நிற்கும், மருந்து கெடும். திறக்காவிட்டால் பாட்டரி கெடும். இவ்விரண்டுக்கும் இடையே வழி காண்பதே இங்குள்ள பணி.

முதலில் உருகியின் இடம். பாட்டரியின் அகத்தடை 5 மில்லி ஓம் என்று கொண்டால், கம்பிகள் தவறித் தொட்டுக்கொள்ளும்போது 2,500 ஆம்பியருக்கு மேல் பாயும். இதனைத் திறக்க எந்தச் சிறு ரிலேயாலும் இயலாது. அது உருகியின் வேலை. உருகி பாட்டரியின் நேர்முனைக்கு எவ்வளவு அருகில் இயலுமோ அவ்வளவு அருகில் இருக்க வேண்டும். முனைக்கும் உருகிக்கும் இடையிலுள்ள கம்பிக்குக் காவல் இல்லை. சூரியத் தகட்டின் பக்கமோ நிலை தலைகீழ். அத்தகடு முழுதும் குறுக்கிணைப்பு ஆனாலும் 9 ஆம்பியர் அளவுக்கே தரும். 15 ஆம்பியர் உருகி அசையவே அசையாது. அங்கே நேர்மின்னோட்டத்துக்கென்றே செய்த கைவிசை ஒன்று தேவை.

இரண்டாவது, இன்வெர்ட்டர். அதனுள் பெரிய மின்தேக்கிகள் உள்ளன. ரிலே அடைந்ததும் அவை வெறுமையிலிருந்து ஒரே நொடியில் நிரம்ப முயல்வதால், நூற்றுக்கணக்கான ஆம்பியர் பாய்ந்து தொடுமுனைகள் ஒட்டிக்கொள்ளும். ஒட்டிய ரிலே பின்னர் ஆணைக்கு இணங்காது. அதற்காக முதலில் ஒரு சிறு ரிலே மின்தடை வழியே மின்தேக்கிகளை மெதுவாக நிரப்ப, ஓரிரு நொடி கழித்துப் பெரிய ரிலே அடையும்படி அமைப்பர். பெரிய ரிலேயோடு இணைந்த துணைத் தொடுமுனை ஒன்று, அது உண்மையாகவே திறந்துவிட்டதா என்பதைத் தெரிவிக்கும்.

மூன்றாவது, சுருளுக்குக் குறுக்கே உள்ள டையோடு. சுருளின் மின்னோட்டத்தை நிறுத்தும்போது எழும் உயர் அழுத்தம் டிரான்சிஸ்டரைக் கெடுக்காமல் இது காக்கிறது. ஆனால் காந்தத்தின் ஆற்றல் மெல்லத் தணிவதால் ரிலே மெதுவாகத் திறந்து, மின்வில்லுக்கு அதிக நேரம் தருகிறது. டையோடோடு ஜீனர் டையோடு ஒன்றைச் சேர்த்தால் திறப்பு விரைவாகும்.

நான்காவது, துண்டிக்கும் அளவும் மீண்டும் இணைக்கும் அளவும். ஈய-அமில பாட்டரியுள்ள வண்டியில் சுமையை 11.5 வோல்ட்டில் துண்டித்தால், சுமை நீங்கிய உடனே பாட்டரி 12 வோல்ட்டுக்கு மேல் எழும். அப்போதே மீண்டும் இணைத்தால் மறுபடி தாழும். ரிலே நிமிடத்துக்குப் பலமுறை படபடத்துத் தொடுமுனைகளை எரித்துக்கொள்ளும். 12.6 வோல்ட் வரும்வரை காத்திருக்கச் செய்தால் இத்தொல்லை இல்லை. லிதியம் பாட்டரிக்கு வோல்ட்டைவிட எஞ்சியுள்ள ஆம்பியர்-மணிக் கணக்கே நம்பத்தக்கது.

சுமைகள் எல்லாவற்றையும் ஒரே ரிலேயில் கட்டாமல், மூன்று படிகளாகப் பிரிப்பதே மருந்தைக் காக்கும் வழி. பாட்டரி பாதியாகும்போது இன்வெர்ட்டரும், கால் பங்காகும்போது விசிறியும் பெரும்பாலான விளக்குகளும் துண்டிக்கப்படும். குளிர்பெட்டிக்குரிய ரிலே கடைசியில்தான் திறக்கும். அது திறப்பதற்கு முன்னரே ஓட்டுநருக்கு மணியொலி எழ வேண்டும். குளிர்பெட்டி மூடியே இருந்தால் அதன் காப்புச் சுவர் சிறிது நேரம் மருந்தைத் தாங்கும். அதற்குள் அருகிலுள்ள சுகாதார நிலையத்தை அடைய வேண்டும்.

துண்டிக்கும் வரிசையிலும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். நண்பகலில் தகடுகள் முழுத் திறனோடு மின்னேற்றம் செய்துகொண்டிருக்கையில் பாட்டரியின் ரிலே திடீரெனத் திறந்தால், அம்மின்சாரத்துக்குப் போக்கிடம் இல்லாமல் போகும். கட்டுப்பாட்டுக் கருவியின் வெளியழுத்தம் கண நேரத்தில் எகிறி, குளிர்பெட்டியின் மின்னணுச் சுற்றையே எரித்துவிடக்கூடும். ஆதலால் மேலாண்மைச் சுற்று முதலில் கட்டுப்பாட்டுக் கருவிக்கு மின்னேற்றத்தை நிறுத்த ஆணையிட்டு, மின்னோட்டம் தணிந்தபின்னரே பாட்டரியின் ரிலேயைத் திறக்க வேண்டும். கையால் கழற்றும்போதும் இவ்வரிசையே: முதலில் தகட்டின் விசை, பிறகு சுமைகள், கடைசியில் பாட்டரி. மீண்டும் இணைக்கும்போது பாட்டரி முதலில், தகடு கடைசியில். இவ்வரிசையை வண்டியின் மின்பெட்டிக் கதவின் உட்புறத்தில், ஓட்டுநர் படிக்கும் மொழியில் எழுதி ஒட்டிவைப்பது வழக்கமாக வேண்டும்.